கடைசிக்கு முந்தைய பெஞ்சு

ஜூன் 23, திங்கள்

பல நாள் யோசனைக்குப் பிறகு, இன்று காலை, சமையலறைக் குப்பைக் கூடையைக் கதவின் இடப் பக்கத்திலிருந்து வலப் பக்கத்துக்கு மாற்றினேன். அவசரப்பட்டு எடுத்த முடிவல்ல. இடப் பக்கம் என்றால் பாத்திரம் கழுவும் இடத்துக்கு அருகில். வலப் பக்கம் என்றால் காற்றோட்டம். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. கடைசியில் காற்றோட்டம் வென்றது. என் கணவர் மயில்சாமிக்கு முறைப்படி அறிவித்தேன். "ம்" என்றார். சற்று நேரத்தில் வாழைப்பழத் தோலைப் பழைய இடத்தில், வெறும் தரையில், போட்டுவிட்டு மில்லுக்குப் புறப்பட்டார். பெரிய மாற்றங்களை மக்கள் ஏற்றுக்கொள்ள நாளாகும்.

(இந்த நாட்குறிப்பில் அவரை மயில்சாமி என்றே எழுதுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து வாயால் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. காகிதத்தில் சொல்லிப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.)

மற்றபடி இன்று குறிப்பிடும்படி எதுவும் இல்லை. பிரணிதாவின் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது, அவ்வளவுதான். பிரணிதா எங்கள் மகள். பிளஸ் ஒன், வணிகவியல் பிரிவு. எங்கள் உடுமலைப்பேட்டையில் ஒரு கல்லூரி இந்த ஆண்டு புதுத் திட்டம் தொடங்கியிருக்கிறதாம். பிளஸ் ஒன் பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் அங்கே போய்ப் பட்டப்படிப்பின் முதலாண்டுப் பொருளியலைப் படிக்கலாம். தேறினால் பின்னால் கல்லூரியில் அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டியதில்லை. முதல் மூன்று வகுப்புகள் மாதிரிக்கு. பிடித்தால் சேரலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். ஒரே நிபந்தனை: பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் பாதுகாவலர் ஒருவருடன் வர வேண்டும். பாதுகாவலர் வகுப்பறையிலேயே, கடைசி பெஞ்சில், இருக்க வேண்டும்.

மயில்சாமி மாலையில் படித்துப் பார்த்தார்.

"ஏனம்மிணி, சனிக்கிழமைன்னா அப்பறம் பொள்ளாச்சி சி.ஏ. கோச்சிங் என்னாகறது?"

"அதை அவளைக் கேளுங்க. எனக்கென்ன தெரியும்?"

"யோசிக்கறேன்ப்பா" என்றாள் பிரணிதா.

இந்த விஷயத்தில் நான் நடுநிலை. முடிவு முழுக்க அவளுடையது. சுற்றறிக்கை தொலைந்துவிடக் கூடாதே என்று ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். குளியலறைக் கண்ணாடியில் ஒரு நகல்.

ஜூன் 25, புதன்

ஒரு பேனா வாங்கினேன். வீட்டில் இருக்கும் பேனாக்கள் எழுதும். ஆனால் அவை பால் கணக்கு எழுதும் பேனாக்கள்.

ஜூன் 28, சனி

முதல் வகுப்பு.

நீல நிறக் காட்டன் புடவை கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால் அதையே கட்டிக்கொண்டேன். கைக்கெட்டும் இடத்துக்கு அதைக் கொண்டுவர நேற்று பீரோவின் அடித்தட்டு முழுவதையும் இறக்க வேண்டியிருந்தது. பிரணிதா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கல்யாணத்துக்காம்மா போறோம்?"

"பாதுகாவலர்னா ஒரு மரியாதை வேண்டாமா?"

கல்லூரி ஊருக்கு வெளியே. வகுப்பறை இரண்டாம் மாடியில். ஜன்னல் வழியே பார்த்தால் தென்னந்தோப்பு, அதற்கப்பால் வரிசையாகக் காற்றாலைகள். மலைக் கணவாய்க் காற்று நேராக உள்ளே வருகிறது. அதனால் ஒவ்வொரு பெஞ்சிலும் காகிதம் பறக்காமல் வைக்க ஒரு கூழாங்கல் கிடக்கிறது. இந்தக் கல்லூரியில் படித்தவர்கள் எல்லாரும் இடக் கையால் கல்லை நகர்த்திக்கொண்டே வலக் கையால் எழுதப் பழகியிருப்பார்களாம். கடைசி பெஞ்சுக்குக் கல் இல்லை. அங்கே யாரும் எழுதுவார்கள் என்று கல்லூரி எதிர்பார்க்கவில்லை.

பாடம் எடுப்பவர் ஜெசிந்தா மேடம். நாகர்கோவில் பக்கம். எல்லாரையும் "மக்களே" என்கிறார். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. எடுத்த எடுப்பில் கேட்டார்.

"மக்களே, கையில ஒரு மணி நேரம் இருக்கு. படம் பார்க்கலாம், தூங்கலாம், மாமா வீட்டுக்குப் போகலாம். மூணுல ஒண்ணுதான் முடியும். நீங்க தூங்கிட்டீங்க. தூக்கத்துக்கு என்ன விலை?"

"தூக்கம் ஃப்ரீதானுங்க மேடம்" என்றான் ஒரு பையன்.

"இல்ல. விட்டுட்ட மத்த ரெண்டுல எது உனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குமோ, அதுதான் விலை. இதுக்குப் பேரு வாய்ப்புச் செலவு."

எழுதிக்கொண்டேன். என் பக்கத்தில் தமயந்தி என்று ஒரு அம்மா, மகன் ரித்திஷுக்குப் பாதுகாவலர். மடியில் முறத்தை வைத்துத் துவரை உரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எதுக்குங்க எழுதறீங்க? உங்களுக்குமா பரீச்சை?"

"பொண்ணு ஏதாச்சும் விட்டுட்டா ஆகும்ங்க."

பிரணிதா எதையும் விடுகிற பிள்ளையல்ல. ஆனாலும் முன்னெச்சரிக்கை நல்லது. வகுப்பு முடிந்ததும் பாதுகாவலர்கள் எல்லாரும் கால் மரத்துப்போய் எழுந்தார்கள். எனக்கு வகுப்பு அப்போதுதான் தொடங்கியது போல இருந்தது. காற்றோட்டத்தின் பயன்.

வரும் வழியில் பிரணிதாவிடம், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "பரவால்ல" என்றாள். அவளை வற்புறுத்தும் எண்ணம் துளியும் எனக்கு இல்லை. வழியில் அவளுக்குப் பிடித்த தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தேன். அது வேறு விஷயம்.

ஜூலை 1, செவ்வாய்

வாசலில் ஒரு நல்ல கூழாங்கல் கிடைத்தது. கழுவிக் கைப்பையில் போட்டேன்.

காலையில் மயில்சாமிக்கு ரவை உப்புமா கொடுத்தேன். கொடுக்கும்போதே, இந்த உப்புமாவின் உண்மையான விலை ரவை, கடுகு, எண்ணெய் அல்ல, சுடாமல் விட்ட தோசைதான் என்று விளக்கினேன். அவர் தட்டைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப தோசையே சுட்டிருக்கலாமே."

அவருக்குப் பொருளியல் இயல்பாகவே வருகிறது.

ஜூலை 3, வியாழன்

நூலகத்தில் பொருளியல் அறிமுகம் ஒன்றை எடுத்து வந்தேன். வேறு புத்தகம் கிடைக்கவில்லை. நம் கிளை நூலகத்தில் நாற்பதாயிரம் புத்தகங்கள்தான் இருக்கின்றன.

புத்தகத்தைக் கடைசியாக எடுத்தவர் திருப்பிக் கொடுத்து வெகு காலமாகிறது. நல்ல நிலையில் இருக்கிறது. முதல் இரண்டு அத்தியாயம் முடித்தேன். அடுப்பில் பால் பொங்கியது. பால் விலையை வாய்ப்புச் செலவில் எழுதிக்கொண்டேன்.

ஜூலை 5, சனி

இரண்டாம் மாதிரி வகுப்பு. மின்விசிறி ஓடவில்லை, இந்தக் காற்றில் தேவையும் இல்லை. தமயந்தி இன்று அவரைக்காய் கொண்டுவந்திருந்தார். மேடம் வகுப்பைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். நானும் ஒரு பதில் சொல்ல நேர்ந்தது. பதில் பிழை. வகுப்பு முடிந்தது.

ஸ்கூட்டரில் பிரணிதா வழக்கத்தைவிடப் பின்னால் தள்ளி உட்கார்ந்தாள். நடுவில் ஒரு பை வைக்கும் அளவுக்கு இடம். சந்தையில் தக்காளி வாங்கி அங்கே வைத்தோம்.

ஜூலை 6, ஞாயிறு

பிரணிதா நேற்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. மயில்சாமி காலைச் சாப்பாட்டுக்கு முன் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே கேட்டார்.

"என்ன சாமி, ரெண்டு பேரும் இப்படி இருக்கறீங்க?"

"அம்மாவையே கேளுங்க."

"ஒண்ணுமில்லீங்க. ஒரு பதில் தப்பாப் போச்சு."

"தப்பாப் போச்சா!" என்றாள் பிரணிதா. "அப்பா, மேடம் எல்லாரையும் கேட்டாங்க, இன்னைக்கு இங்க வர்றதுக்காக என்னத்த விட்டுட்டு வந்தீங்கன்னு. ஒருத்தன் தூக்கம்னான். ஒருத்தி, அவங்க சொந்தத்துல கெடா விருந்துன்னா. கடைசி பெஞ்சுலருந்து அம்மா கை தூக்கறாங்க. பாதுகாவலர் யாராச்சும் கை தூக்குவாங்களா? தூக்கி, எந்திரிச்சு நின்னு, 'பி.ஏ. ரெண்டாவது வருஷம்'னு சொல்றாங்க. மொத்த கிளாசும் திரும்பிப் பாத்துச்சு."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சிருந்தாத்தான் பரவால்லயே. யாருமே சிரிக்கல."

என் பதில் எந்த வகையில் பிழை என்பதைப் பதிவு செய்வது நல்லது. வாய்ப்புச் செலவு என்பது இப்போது எடுக்கும் ஒன்றுக்காக இப்போது விடுவது. நான் சொன்னதோ வேறொன்றுக்காக, இருபது வருடத்துக்கு முன்னால் விட்டது. மேடமும் அதைத்தான் பொறுமையாகச் சொன்னார்: "அது இந்தக் கணக்குல வராதும்மா." சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதாமல் நின்றார். சுண்ணக்கட்டி தீர்ந்திருக்கலாம்.

மயில்சாமி உரித்த பழத்தைத் தட்டில் வைத்தார். எழுந்து போய்ப் பழத்தோலைக் கூடையில் போட்டார். வலப் பக்கக் கூடையில்.

ஜூலை 8, செவ்வாய்

உளுந்து ஊறப்போட்டேன்.

ஜூலை 12, சனி

கடைசி மாதிரி வகுப்பு. பழைய சுங்குடி கட்டிப் போனேன். பேனா எடுத்துப் போகவில்லை. கல்லும் வீட்டில்.

தமயந்தி என் வெறுங்கையைப் பார்த்தார். முறத்தைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார். "இந்தாங்க, பாதி நீங்க உரிங்க. கைக்கு வேலை இருந்தா வாய் சும்மா இருக்கும்" என்றார். உரித்தேன். அவரைக்காயில் நார் எடுப்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பொருளியல் அளவுக்கு இல்லை.

மேடம் இன்று, இலவசம் என்று உலகில் ஏதாவது உண்டா என்று கேட்டார். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்றான் தமயந்தியின் ரித்திஷ். பிரணிதா எழுந்தாள்.

"டிக்கெட்தான் இலவசம் மேடம். எங்க அத்தை ஊருக்கு அந்த பஸ் எப்பவோ ஒண்ணு வரும். அதுக்காக நிக்கற நேரம் இருக்குதில்லீங்களா? அது விலைதானே?"

"நிக்கறவங்க சும்மாதான நிக்கறாங்க?" என்றான் ரித்திஷ். "அந்த நேரத்துல வேற என்னத்தப் பண்ணிடப் போறாங்க?"

பிரணிதா அவன் பக்கம் திரும்பினாள். "அவங்களுக்கு வேற ஒண்ணும் இல்லைன்னு உனக்கு யார் சொன்னா? கேட்டியா அவங்களை?"

ரித்திஷ் உட்கார்ந்தான். மேடம் சிரித்துவிட்டு, "இவனுக்காக யாராவது வாதாடுங்க மக்களே" என்றார். யாரோ வாதாடினார்கள். பிரணிதா விடவில்லை. ஒரு கட்டத்தில் மேடமே ஒரு பக்கம், அவள் மறுபக்கம். மணி அடித்தும் இருவரும் நிறுத்தவில்லை. பேசும்போது அவள் கைகள் இரண்டும் ஆடுகின்றன. அது யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை. மயில்சாமி கையை ஆட்டிப் பேசுகிறவர் அல்ல.

உரித்த அவரைக்காயில் நாரையும் காயையும் மாற்றிப் போட்டுவிட்டேன். தமயந்தி பிரித்தெடுத்தார்.

ஜூலை 13, ஞாயிறு

முடிவு அறிவிக்கப்பட்டது.

"நான் சேர்றேன்" என்றாள் பிரணிதா, தோசையைப் பிய்த்துக்கொண்டே. "ஸ்கூல் மாதிரியே இல்லைப்பா. ஸ்கூல்ல கேட்டா பதில் சொல்வாங்க. இங்க கேட்டா திருப்பிக் கேக்கறாங்க. வீட்டுக்கு வந்தப்பறமும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்குது."

"பொள்ளாச்சி?" என்றார் மயில்சாமி.

"கோச்சிங்குக்கு ஞாயித்துக்கிழமை பேட்ச் இருக்குதுப்பா. போன் பண்ணிக் கேட்டுட்டேன்."

எனக்குத் தலை கால் புரியவில்லை. நடுநிலையாளர் என்ற முறையில் அடுத்த தோசையைத் திருப்பிப் போட்டேன்.

"ஆனா ஒண்ணு" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. "அம்மா வர வேண்டாம். அப்பா வரட்டும்."

"ஏஞ் சாமி?"

"அம்மா பின்னாடி இருந்தா எனக்கு முதுகுலயே ஒரு கண்ணு வேண்டியிருக்குது. எப்பக் கை தூக்குவாங்களோன்னு. அதும் போக, எழுதற வேகத்துக்குப் பேனாச் சத்தம் முன் பெஞ்சு வரைக்கும் கேக்குது. எல்லாரும் என்னைத்தான் பாக்கறாங்க."

"அதுக்கில்ல கண்ணு, நேத்து நான் கையே தூக்கலையே."

"அது அதைவிட மோசமா இருந்துச்சும்மா."

நியாயமான நிபந்தனை. உடனே ஒப்புக்கொண்டேன். வகுப்பு அவளுடையது, வயது அவளுடையது. அவள் சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சி. மிகுந்த மகிழ்ச்சி. ஜன்னல் திரைகளை எல்லாம் கழற்றி ஊறவைத்துத் துவைத்தேன்.

ஜூலை 14, திங்கள்

திரைகள் காய்ந்துவிட்டன. மறுபடி ஊறவைத்தேன்.

ஜூலை 19, சனி

மயில்சாமி பாதுகாவலராகப் போனார். தென்னை நார் மில்லில் சூப்பர்வைசர். சனிக்கிழமை கூலிப் பட்டுவாடா நாள். முதலாளியிடம் கெஞ்சி வாங்கிய அனுமதி. என் கூழாங்கல்லைக் கொடுத்தனுப்பினேன், கடைசி பெஞ்சில் கல் கிடையாது என்பதால். அவர் எழுத மாட்டார்தான். ஆனால் இருக்கட்டும்.

மாலையில் வந்ததும் கேட்டேன்.

"என்ன நடத்துனாங்க?"

"கோடு போட்டாங்க."

"என்ன கோடுங்க?"

"ஒண்ணு மேல போச்சு. ஒண்ணு கீழ வந்துச்சு."

"ரெண்டும் எங்க சந்திச்சுது? சந்திச்ச எடத்துக்கு என்னமோ பேர் சொல்லியிருப்பாங்களே?"

"சந்திக்கறதுக்குள்ள நான் டீ குடிக்கப் போயிட்டேன் அம்மிணி. கேண்டீன்ல மொளகா பஜ்ஜி நல்லா இருக்குது. சொன்னா நம்ப மாட்ட, சட்னி தனியாக் குடுக்கறான்."

கல் எங்கே என்று கேட்டேன். கேண்டீன் பில்லின் மேல் வைத்தாராம், பறக்காமல் இருக்க.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரணிதா தன் நோட்டைச் சாப்பாட்டு மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். அந்தக் கோடுகள் உள்ள பக்கம் திறந்தபடியே இருந்தது. ஓரத்தில் தண்ணீர் டம்ளரை வேறு வைத்திருந்தாள், பக்கம் புரளாமல். கவனக்குறைவான பிள்ளை. சந்திக்கும் இடத்துக்குச் சமநிலை என்று பெயர்.

ஜூலை 26, சனி

ஆடிக் காற்று. திரும்பி வந்த இருவர் முகமும் சரியில்லை.

நடந்தது இது. கல்லூரியில் துறைத்தலைவர் வகுப்பைப் பார்வையிட வந்திருக்கிறார். கடைசி பெஞ்சில் மயில்சாமி உறக்கம். அதில் தவறில்லை, காற்று அப்படி. ஆனால் அவர் குறட்டை எங்கள் தெருவில் பெயர் பெற்றது. ஜெசிந்தா மேடம் 'தேவை' என்று எழுதி முடிப்பதற்குள் வகுப்பே சிரித்து முடித்துவிட்டதாம். பாதுகாவலர் விழித்திருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை என்பது உண்மை. துறைத்தலைவர் அங்கேயே நின்று விதியைத் திருத்திவிட்டார். அடுத்த சனிக்கிழமை முதல், விழித்திருக்கும் பாதுகாவலர் இல்லாமல் வரும் பிள்ளையின் பெயர் நீக்கப்படும்.

"நான் வேணும்னா தூங்காம..." என்று தொடங்கினார் மயில்சாமி.

"உங்களால முடியாதுப்பா" என்றாள் பிரணிதா. கோபமாகக்கூட இல்லை.

அதோடு அடுத்த சனிக்கிழமை மில்லில் சரக்கு இருப்புக் கணக்கு எடுக்கிறார்கள். அவர் நகர முடியாது. பிரணிதா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிட வரவில்லை. தேங்காய் பன் வாங்கி வைத்தேன். அது அப்படியே இருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

விடிந்ததும் பிரணிதா சமையலறைக்கு வந்தாள். நேற்றைய தேங்காய் பன்னை எடுத்து நின்றபடியே தின்றாள். பாதியில் சொன்னாள்.

"அம்மா, நேத்து மேடத்துக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அந்தப் பொருளியல் பேப்பரை பிளஸ் டூ முடிச்ச யார் வேணாலும் படிக்கலாமாம்."

"யாருக்குக் கேட்ட?"

"மயில்சாமி வீட்டுக்காரம்மாவுக்கு" என்றாள்.

மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். நெடி அதிகம்.

"நீங்க பாதுகாவலரா வந்தா எனக்கு ஒரு மாதிரி இருக்குது. என்னைப் பாக்க வந்த மாதிரி. உங்க கிளாசுக்கு நீங்க வந்தீங்கன்னா அப்படி இல்ல. கூடப் படிக்கறவங்க கை தூக்கட்டும், என்ன வேணாச் சொல்லட்டும், எனக்கென்ன? ரித்திஷ்கூடத்தான் உளர்றான்."

"வயசு?"

"வயசுக்கு ரூல் இல்லையாம்."

உச்ச வயது குறித்து விதி இல்லைதான். விதி எழுதியவர்களுக்கு அப்படி ஒருவர் வரக்கூடும் என்று தோன்றியிருக்காது.

மயில்சாமி எப்போது வந்து நிலைப்படியில் நின்றார் என்று தெரியவில்லை.

"போ அம்மிணி" என்றார். "அன்னைக்கே முடிச்சிருக்கலாம் நீ. படிக்க வேண்டாம்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க."

"எங்கம்மா சொல்லுச்சா?"

"இல்லீங்க."

"நான் சொன்னனா?"

"இல்லீங்க. யாருமே வேண்டாம்னு சொல்லல. போன்னும் யாரும் சொல்லல."

அவர் தலையைச் சொறிந்தார். மிளகாய் கருகிவிட்டது. அதற்குப் பிறகு பிரணிதா தன் நிபந்தனைகளைச் சொன்னாள். வகுப்பில் அவளைக் கண்ணு என்று கூப்பிடக் கூடாது. தண்ணீர் பாட்டிலைப் பெஞ்சு பெஞ்சாகக் கைமாற்றி அனுப்பக் கூடாது. பரீட்சைக்குப் பிறகு அஞ்சாவது கேள்விக்கு என்ன எழுதினாய் என்று கேட்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

"நீங்க சேர்றீங்கதானே?" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். முடிவின் சாதக பாதகங்களை அலச வேண்டும். கருகிய மிளகாயைக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் சேர்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 30, புதன்

கல்லூரி அலுவலகத்தில் ஒரு சிக்கல். மாணவி முன்பக்கப் பெஞ்சுகளில் உட்கார வேண்டும். பாதுகாவலர் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். நான் இரண்டும் என்றால் எங்கே உட்காருவது? எழுத்தர் இதற்கு முன்னுதாரணம் இல்லை என்றார். ஜெசிந்தா மேடம் எனக்காக வாதாடினார். துறைத்தலைவர் இரு தரப்பையும் கேட்டுவிட்டு, வருகைப் பதிவுக்கு நான் மாணவி, பாதுகாப்புக்கு நான் தாய் என்று தீர்ப்பளித்துக் கடைசிக்கு முந்தைய பெஞ்சை ஒதுக்கினார். என் குப்பைக் கூடை விவகாரத்தில் நான் காட்டிய அதே நிதானம்.

வாசலில் இன்னொரு கூழாங்கல் தேடினேன். கிடைத்தது முன்னதைவிடப் பெரிது.

ஆகஸ்ட் 2, சனி

நீலக் காட்டன். புதுப் பேனா.

பிரணிதா என்னைக் கல்லூரி வாசலிலேயே விட்டுவிட்டு முன்னால் நடந்துபோனாள், தெரியாதவள் போல. மாடிப்படியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நானும் தெரியாதவள் போல வேறெங்கோ பார்த்தேன். வேறெங்கோ பார்த்ததில் ஒரு படி தவறியது. யாரும் கவனிக்கவில்லை.

வருகை எடுக்கும்போது மேடம் "மகுடேஸ்வரி" என்றார். என்னை ஊரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோதுதான் எழுந்தேன். பின்னாலிருந்து தமயந்தி, "உள்ளேன் ஐயான்னு சொல்லுங்க" என்று குத்தினார்.

"நீங்க பெஞ்சு மாறிட்டீங்களே" என்றார் பிறகு, துவரையை உரித்தபடி. "இனி எனக்கு ஆள் துணை?"

"நீங்களும் வாங்க. பிளஸ் டூ முடிச்சிருந்தா போதுமாம்."

"நான் பத்தாவதுங்க" என்றார். கொஞ்ச நேரம் உரித்தார். "பத்தாவதுக்கப்பறம் என்ன வழின்னு அந்த மேடத்துகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க. சும்மாத்தான்."

பாடம் முடிந்ததும் மேடம் முன்னறிவிப்பின்றி ஒரு சிறு தேர்வு வைத்தார். இருபது மதிப்பெண். கொடுத்த தாளைக் காற்று பிடுங்கப் பார்த்தது. பெரிய கல் கொண்டுவந்தது நல்லதாயிற்று. அஞ்சாவது கேள்வி மட்டும் பாதியில் நின்றுவிட்டது. அதுவும் சமநிலை பற்றியது. மற்றவை எழுதினேன். கை வலித்தது. மணி அடித்தபோது இன்னொரு தாள் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் பிரணிதாவிடம் எதுவும் கேட்கவில்லை. சந்தை முனை வந்ததும் அவளே பின்னாலிருந்து, "அஞ்சாவதுக்கு என்னம்மா எழுதின?" என்றாள். நடுவில் பை வைக்க இடம் இல்லை. தக்காளியை நான் கைப்பிடியில் மாட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

விடைத்தாள்களைக் கொடுத்தார்கள். பிரணிதா பதினாறு. நான் பதினொன்று. ரித்திஷ் பதினேழு, பேருந்துக் கேள்வி வந்திருந்ததால்.

தாளின் அடியில் வீட்டார் கையெழுத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்காக அச்சடித்தது. தாள் எல்லாருக்கும் ஒன்றுதான். கையெழுத்து வாங்கித் திங்கட்கிழமைக்குள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வாங்காத தாளின் மதிப்பெண் ஏறாது என்று எழுத்தர் சொல்லிவிட்டார்.

மயில்சாமி மில்லிலிருந்து வர நேரமாகும். பிரணிதாவின் தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். என் தாளில் பிரணிதா போட்டாள்.